கூலன்ட் இணைப்புகள் இயல்பான நிலையில் உள்ளன

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன். அப்போது அது ஒன்றரைப் பக்கம் இருந்தது. தலைப்பில் வண்டியின் பதிவெண், அடியில் என் கையெழுத்து, அதன்மேல் ரப்பர் முத்திரை. விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து, தப்பு வண்டியுடையதா ஓட்டியவருடையதா என்று எழுதிக் கொடுப்பது என் உத்தியோகம். இருபத்தாறு வருஷம் செய்தேன். அந்த அறிக்கைகளை யாரும் முழுக்க வாசிப்பதில்லை; கடைசி வரியைப் பார்த்துவிட்டுக் கோப்பில் சொருகிவிடுவார்கள். இந்த ஒன்றை மட்டும் ஒரு பெண் முதல் எழுத்திலிருந்து விரல் வைத்துப் படித்தாள். ஒன்பதாவது வரியில் அவள் விரல் நின்றுவிட்டது. அந்த வரிதான் மேலே தலைப்பாக இருக்கிறது.

இதையெல்லாம் கதை எழுதுகிறவர்கள் கடைசிவரை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

தொடக்கம் மட்டும் நாலைந்து எழுதிக் கிழித்தேன். ஒன்று இப்படி: "மலையுச்சியில் பனி, வெண்பட்டைப் போர்த்தியது போல" - வேண்டாம். இரண்டு வீடுகளை நாசம் செய்த பனிக்குப் பட்டு எதற்கு? இன்னொன்று: "அவன் நல்லவன்." யார், மெக்கானிக்கா, செத்துப்போன டிரைவரா? இரண்டு பேருமே நல்லவர்கள்தான். தொல்லையே அதுதான்.

ஆகவே ஹோஸிலிருந்து, ஒரு ரப்பர் குழாயிலிருந்து, ஆரம்பிக்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

2

டிரைவர், மெக்கானிக்கின் தங்கை புருஷன். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, இந்தப் பக்கம் நகரம், நடுவில் ஒரு கணவாய். ஆஸ்பத்திரியில் எடுக்கும் ரத்தத்தை நகரத்துப் பரிசோதனைக் கூடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது அவன் வேலை. விடிவதற்குள் மலையைத் தாண்டிப் போய், பெட்டியை வாங்கிக்கொண்டு, எட்டு மணிக்குள் திரும்பிவிடுவான். மெதுவாகத்தான் ஓட்டுவான். பெட்டி அதிகம் குலுங்கினால் ரத்தம் கெட்டுப்போகும், அப்புறம் நோயாளிக்கு மறுபடி ஊசி குத்த வேண்டும் என்று யாரோ ஒரு டாக்டர் அவனிடம் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து பிரசவத்துக்குப் போகிறவளை ஏற்றிக்கொண்டு போகிற மாதிரிதான் ஓட்டினான். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து வைதுகொண்டே முந்திப் போவார்கள். இவன் கையைக் காட்டி வழிவிடுவான்.

ஒரு கோடைகாலத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மெக்கானிக்கின் தகரக் கொட்டகையில் அந்தக் கார் பானட்டைத் திறந்துகொண்டு நின்றது. இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது, எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லை. தங்கை வந்திருந்தாள். அண்ணன் குனிந்திருக்கும் இடத்துக்கெல்லாம் டார்ச்சைப் பிடித்தாள்.

"ரேடியேட்டர் நல்லாத்தான் இருக்கு மாப்ள. இதோ, இங்க பாருங்க, த்ராட்டில் பாடிக்கு அடியில சீல் போயிடுச்சு. புது பாடியே போடணும். வர ரெண்டு வாரம் ஆகும்."

"ரெண்டு வாரமா? நாளைக்குக் காலையில வண்டி வேணும் மச்சான். பெட்டி வரலைன்னா அங்க ஆப்பரேஷனே தள்ளிப்போகும்."

"இருங்க, ஒரு வழி இருக்கு."

(த்ராட்டில் பாடி என்பது இன்ஜினுக்குள் காற்று போகிற வாசல். வாசலுக்குக் கதவு மாதிரி ஒரு வட்டத் தகடு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் தகடு திறக்கும், காலை எடுத்தால் மூடும். இன்ஜினைச் சுற்றிச் சூடேறி வரும் கூலன்ட்டில் கொஞ்சம் ஒரு சின்ன ஹோஸ் வழியாக இந்த வாசலின் அடியில் புகுந்து, இன்னொரு ஹோஸ் வழியாக வெளியே போகும். எதற்கென்றால், குளிரில், ஈரக் காற்று அந்தத் தகட்டில் பட்டு உறைந்துவிடாமல் இருக்க. சமவெளியில் ஓடுகிற வண்டிக்கு இந்தச் சூடு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.)

அவன் செய்தது பத்து நிமிஷ வேலை. இரண்டு ஹோஸையும் த்ராட்டில் பாடியிலிருந்து உருவினான். விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் குழாயை வெட்டி, இரண்டு முனையையும் அதில் சொருகி, ஒன்றோடொன்று சேர்த்தான். தங்கை ஒவ்வொன்றாக நீட்டிய இரண்டு கிளாம்ப் வளையத்தையும் போட்டு இறுக்கினான். கூலன்ட் இனி அந்த வாசல் பக்கமே போகாது. ஒழுக்கு நின்றுவிட்டது.

"அப்போ அதுக்குச் சூடு வேணாமா?" என்று தங்கை கேட்டாள்.

"ரேஸ் ஓட்டறவங்க இதைக் கேட்டு வாங்கிப் பண்ணிக்கிறாங்க. காத்து குளுமையாப் போனா இன்ஜின் இன்னும் நல்லா இழுக்கும்."

அதுவும் உண்மைதான்.

[இந்த இடத்தில் ஒரு வாக்கியம் வர வேண்டும். மெக்கானிக் டிரைவரிடம் சொன்ன வாக்கியம். அவன் சொன்னானா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. இடம் விட்டு வைக்கிறேன்.]

இரண்டு வாரத்தில் புதுப் பாடி வந்துவிட்டது. மெக்கானிக் போன் செய்தான். "நல்லாத்தானே ஓடுது மச்சான், அப்புறம் பார்த்துக்கலாம்," என்றான் டிரைவர். இவனுக்கும் அன்றைக்கு மூன்று வண்டி நின்றுகொண்டிருந்தது. "சரி மாப்ள," என்றான். அட்டைப் பெட்டி பிரிக்கப்படாமலே அலமாரிக்குப் போனது. மறுபடி ஒருமுறை போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. நாமும் இப்படித்தான், ஓடுகிற வண்டியை யார் நிறுத்துகிறோம்?

எட்டு மாதம் போயிற்று. குளிர்காலம் வந்தது.

3

இந்தப் பகுதியைத்தான் அதிகம் கிழித்தேன். டிரைவரின் மனசுக்குள் போய் எழுத ஆசைப்பட்டேன். "அந்தக் கணத்தில் அவன் மகளின் முகம்" என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து, பாதியில் எனக்கே கூசிப்போய் நிறுத்தினேன். அவன் கண்முன் எந்த முகம் வந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது இயந்திரம்.

காலை ஏழு மணி. கணவாயில் மூடுபனி. வண்டி அரை மணி நேரமாக ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தது. பாதி திறந்த தகட்டின் ஓரத்தில் ஈரம் படிந்து, உறைந்து, மேலும் படிந்து உறைந்தது. உச்சி வந்தது. இறக்கத்துக்காக அவன் காலை எடுத்தான். தகடு மூடவில்லை. இன்ஜின் இழுத்துக்கொண்டே இருந்தது.

பிரேக்கை மிதித்திருப்பான். முதல் இரண்டு மிதிக்குக் கேட்டிருக்கும். தகடு திறந்தே இருக்கும்போது பிரேக்குக்கு இன்ஜின் தரும் உதவி குறைந்துபோகும், மூன்றாவது மிதியில் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். சாவியைத் திருகி அணைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நானும் அதைத்தான் கேட்டேன். ஒரு பக்கம் பாறைச் சுவர், ஒரு பக்கம் பள்ளம், எதிரே பத்தடிக்கு மேல் தெரியவில்லை. கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

நான்காவது வளைவில், எதிரே ஸ்கூட்டரில் ஏறி வந்துகொண்டிருந்த ஒரு நர்ஸ்மேல் மோதி, சுவரில் மோதி, வண்டி நின்றது. டிரைவர் அங்கேயே போய்விட்டான். நர்ஸ் பிழைத்தாள். இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்ச்சி திரும்பவில்லை.

வண்டியில் வேகத்தைப் பதிவு செய்கிற கருவி ஒன்று இருந்தது. அந்த வளைவில் போக வேண்டிய வேகத்தைப் போல் இரண்டு மடங்கு என்று அது காட்டியது.

பத்து மணிக்கு வெயில் வந்தது. ஐஸ் உருகிவிட்டது. போலீஸ் வந்து பார்த்தபோது தகடு ஜம்மென்று திறந்து மூடியது.

4

வண்டியை இழுத்துவந்து எங்கள் அலுவலக முற்றத்தில் போட்டார்கள். நான்காம் நாள், புருஷனுடைய பொருள்களை வாங்கிப்போகத் தங்கை வந்தாள். அண்ணன்தான் கூட்டிக்கொண்டு வந்தான். கையெழுத்துப் போட அவள் அலுவலகத்துக்குள் போனாள். பத்து நிமிஷம் அவன் காரோடு தனியாக இருந்தான்.

இங்கே முதலில் நான் எழுதியது: "என்ன செய்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. கை தானாக வேலை செய்தது." வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அடித்துவிட்டேன். ஸ்குரூ டிரைவரை அவன் வீட்டிலிருந்து சட்டைக்குள் வைத்து எடுத்து வந்திருந்தான். கை தானாக அதையும் எடுத்து வைக்காது.

நசுங்கிய பானட்டை நெம்பித் தூக்கினான். அவன் போட்ட பித்தளைக் குழாய் போட்ட இடத்திலேயே இருந்தது. கிளாம்பைத் தளர்த்தி, குழாயை உருவிப் பைக்குள் போட்டான். இரண்டு ஹோஸையும் த்ராட்டில் பாடியில் மறுபடி சொருகி இறுக்கினான். ஹோஸில் மிச்சம் இருந்த கூலன்ட் மணிக்கட்டில் வழிந்தது, பச்சையாக. சட்டைக் கையை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டான்.

தங்கை திரும்பி வந்தாள். கையில் புருஷனுடைய ஸ்வெட்டர், மூக்குக் கண்ணாடி, ஒரு மாற்றுச் சாக்ஸ்.

"கை ஏன் ஈரமா இருக்கு?"

"தண்ணி. குழாய்ல கழுவுனேன்."

அன்றைக்கு அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

5

அடுத்த நாள் அந்த வண்டியை நான் பார்த்தேன்.

இதுவரை உங்களிடம் மெக்கானிக்கைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தேன், வசதியாக. இனி என் முறை.

அன்றைக்கு அது எனக்கு ஏழாவது வண்டி. கால் விறைத்துப்போயிருந்தது. பிரேக் பார்த்தேன், ஸ்டியரிங் பார்த்தேன், தகட்டை விரலால் தள்ளிப் பார்த்தேன். நன்றாக ஆடியது. ஹோஸ் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அப்போது இன்னொன்றையும் பார்த்தேன். இன்ஜின் முழுக்கப் புழுதி. அந்த இரண்டு கிளாம்ப் மட்டும் துடைத்த மாதிரி இருந்தது. அடியில் பச்சையாக ஒரு சொட்டு, இன்னும் காயவில்லை. ஐந்து நாள் பழைய விபத்து, காயாத சொட்டு.

பார்த்தேன். பார்க்கவில்லை என்று எழுதி ஒரு வரைவும் வைத்திருக்கிறேன். அதில் நான் வெறும் கவனக்குறைவான ஆள், கொஞ்சம் மன்னிக்கலாம். அது பொய். பார்த்தேன். அதை எழுதினால் படம் எடுக்க வேண்டும், காவலாளியை விசாரிக்க வேண்டும், இன்னும் மூன்று தாள் நிரப்ப வேண்டும். வேகக் கருவிதான் எல்லாம் சொல்லிவிட்டதே என்று நினைத்தேன்.

ஒன்பதாவது வரியை எழுதினேன். கடைசி வரி: "இயந்திரக் கோளாறு ஏதுமில்லை. ஓட்டுநரின் அதிவேகமே காரணம்."

6

அறிக்கையின் நகல் தங்கை கைக்குப் போக ஒரு மாதம் ஆனது. அதற்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவள் வேலை செய்த தையல் கூடத்தில் பக்கத்து மிஷின்காரி, நர்ஸுக்கு உறவு, நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். மகளிடம் பள்ளிக்கூடத்தில் யாரோ, "உங்கப்பாதான் அந்த அக்காவோட காலை எடுத்தாரு" என்று சொல்லியிருக்கிறார்கள். குழந்தை வீட்டுக்கு வந்து, "அப்பா வேகமா போவாராம்மா?" என்று கேட்டது.

அவள் அறிக்கையோடு நேரே கொட்டகைக்குப் போனாள். இந்தக் காட்சியை இரண்டு பேருமே எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள். ஒரு வார்த்தைகூட மாறவில்லை, ஒரே ஒரு இடத்தைத் தவிர.

"இதைப் படி."

அவன் படித்தான்.

"ஹோஸ் எல்லாம் சரியா இருக்குன்னு போட்டிருக்கு. எப்படி சரியா இருக்கும்? நான்தானே டார்ச் பிடிச்சேன். நான்தானே கிளாம்ப் எடுத்துக் குடுத்தேன்."

அவன் தாளை மடித்து அவளிடமே நீட்டினான்.

"அன்னைக்கு உன் கை ஈரமா இருந்துச்சு."

"ஆமா."

"ஏன் அண்ணா?"

"பயந்துட்டேன்."

"எதுக்கு? உன்னை யார் என்ன பண்ணியிருப்பா? அவரே போயிட்டாரு."

"கொட்டகை போயிடும்னு நினைச்சேன். அப்புறம், நீ என்னைப் பார்க்கற பார்வை. இப்போ பார்க்கறியே, இது."

அவள் அலமாரியைப் பார்த்தாள். அட்டைப் பெட்டி இருந்தது. அதன்மேல் அவள் புருஷனின் வண்டி எண்ணை அண்ணன் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தான்.

"குளிர்ல இது ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்மா. குளிர்காலம் வர்றதுக்குள்ள மாத்திடணும் மாப்ளன்னு சொன்னேன். அப்ப கம்ப்ரஸர் ஓடிட்டு இருந்துச்சு, அந்தச் சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது."

"கம்ப்ரஸர் ஓடல. நான் அங்கதான் நின்னேன். நீ சொல்லல."

மாறிய இடம் இதுதான். கம்ப்ரஸர் ஓடியது என்கிறான் அவன், ஓடவில்லை என்கிறாள் அவள். இரண்டாம் பகுதியில் விட்ட இடத்தை நான் நிரப்பவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நிரப்ப மாட்டேன். விபத்துக்கு எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கொட்டகையில் ஒரு மோட்டார் ஓடியதா என்பதற்கு எந்த ஆய்வாளனும் சான்று தர முடியாது.

7

மறுநாள் இரண்டு பேரும் என் அறைக்கு வந்தார்கள். அவள் முன்னால், அவன் நாலடி பின்னால். ஒரே பேருந்தில் வந்திருந்தும் ஒரு வார்த்தை பேசாமல் வந்தவர்கள் மாதிரி இருந்தது.

"அவர் நாற்பதைத் தாண்ட மாட்டார் சார்," என்றாள். "நீங்க தப்பா எழுதிட்டீங்க."

அப்புறம் மெக்கானிக் எல்லாவற்றையும் சொன்னான். ஒப்பிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல். பித்தளைக் குழாயை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

இந்த இடத்தில் உங்களுக்கு மூன்று முடிவு தருவதாகத்தான் முதல் வரைவில் இருந்தேன். முதல் முடிவில் நான் குழாயை அவனிடமே திருப்பித் தள்ளி, "அறிக்கை போயிடுச்சும்மா, இனி ஒண்ணும் பண்றதுக்கில்ல," என்கிறேன். எனக்கு ஓய்வுபெற அப்போது ஒன்பது மாதம் இருந்தது. இரண்டாவதில் பனி மட்டும்தான் காரணம் என்று எழுதி அண்ணனையும் காப்பாற்றி, டிரைவரையும் காப்பாற்றி, என்னையும் காப்பாற்றிக்கொள்கிறேன். மூன்றாவது நடந்தது. மூன்றும் சம பலத்தில் நிற்கும் என்று நினைத்தேன். எழுதிப் பார்த்தால், முதல் இரண்டும் என்னைப் பற்றிய பயமாகத்தான் இருந்தன, கதையாக இல்லை.

(இரண்டாவது முடிவை நிஜத்தில் அவளிடம் சொல்லியும் பார்த்தேன். "பனி தானாவா உள்ள போச்சு?" என்றாள். அவ்வளவுதான்.)

நடந்தது இது. புது அறிக்கை எழுதினேன். காயாத சொட்டையும் துடைத்த கிளாம்பையும் பார்த்தும் எழுதாமல் விட்டேன் என்று அதில் எழுதினேன். என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். வழியனுப்பு விழா கிடையாது. மெக்கானிக்மேல் வழக்குப் பதிவானது. கொட்டகையைப் பூட்டினார்கள். விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

8

விசாரணை நடந்தது நீளமான ஓர் அறையில். ஜன்னல் கதவு ஒன்று காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எழுந்து சாத்தவில்லை. மெக்கானிக் ஒரு பெஞ்சில். அவனுக்கு முன் பெஞ்சில் தங்கை, முதுகைக் காட்டிக்கொண்டு. நான் கதவோரம்.

நர்ஸைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். இருபத்தெட்டு வயசு இருக்கும். மடியில் ஒரு சால்வை. அதிகாரி என் புது அறிக்கையை வாசித்துவிட்டு, அவளிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்கு," என்றாள். "அவர் தூரத்துல இருந்தே ஹாரன் அடிச்சுக்கிட்டு வந்தாரு. விடாம. எனக்கு ஒதுங்க இடமில்ல, பள்ளத்து ஓரமா நின்னுட்டேன். பனி விலகினதும் அவர் என்னைப் பார்த்தாரு. பார்த்துட்டுத்தான் வண்டியைச் சுவர் பக்கம் ஒடிச்சாரு. அவரே கொண்டுபோய் மோதினாரு. வண்டியோட பின்பக்கம் சுத்தி வந்துதான் என்னைத் தட்டுச்சு. நேரா வந்திருந்தா நான் பள்ளத்துல இருப்பேன். அவர் உயிரோட இருந்திருப்பாரோ என்னவோ."

அறிக்கையில் நான் வரிசையை மாற்றி எழுதியிருந்தேன். நர்ஸ்மேல் மோதி, பிறகு சுவரில் மோதி. இந்தக் கதையிலும் மூன்றாம் பகுதியில் அப்படியேதான் எழுதியிருக்கிறேன். திருத்தாமல் விட்டிருக்கிறேன், போய்ப் பாருங்கள்.

"இதை ஏன் அப்பவே சொல்லலை?" என்று அதிகாரி கேட்டார்.

"யாரும் கேக்கல. ஆஸ்பத்திரிக்கு வந்து, வேகமா வந்தாரான்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன். எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க."

தங்கை முகத்தை மூடிக்கொள்ளவில்லை, அழவில்லை. வெகுநேரம் அந்த நர்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்பினாள். கொட்டகையில் பேசிய நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அண்ணனை நேருக்கு நேர் பார்த்தாள். அவன் எழுந்து நின்றான், ஏன் எழுந்தான் என்று தெரியவில்லை. அவள் அவனிடம்

இங்கே நிறுத்துகிறேன்.

அவள் சொன்னது ஆறு வார்த்தை. கதவோரம் இருந்த எனக்கும் கேட்டது. எழுதப் போகிறேன் என்று சொல்லி அனுமதி கேட்கப் போனபோது, தையல் மிஷினை நிறுத்தாமலே பதில் சொன்னாள்: "எல்லாத்தையும் எழுதுங்க சார். நீங்க பண்ணதையும் எழுதுங்க. நான் அண்ணாகிட்ட சொன்னது மட்டும் வேணாம். அது அவனுக்குச் சொன்னது."

அவள் வாழ்க்கையை ஒருமுறை கேட்காமலே எழுதியவன் நான். இந்தத் தடவை கேட்டேன், பதில் வந்துவிட்டது. உங்களுக்கு அண்ணனோ தங்கையோ இருந்தால், அந்தப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். அவர் எதிரே நிற்கிறார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.